ஈயும் பழமும்



காட்சிக்கலைப் பாடத்தில் ஒருமுறை, பழங்களை அடுக்கி அவற்றின்மேல் ஈயொன்றை வைத்தெடுத்த நிழற்படத்தை மாணவர்களிடம் காட்டினேன். “இந்த ஈ எதைக் குறிக்கிறது?” என வினவினேன். “பழம் இனிப்பாக இருக்கிறது என்பதை” என்றான் ஒரு மாணவன். “தவறு, அது அழிவைக் குறிக்கிறது” எனத் திருத்தினேன். அத்திருத்தம் முறையா என்ற ஐயமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

என் விடை 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியத்திலிருந்து வந்தது. மூவாருக்கு அண்மையிலுள்ள மலாக்காவை டச்சுக்காரர்கள் 1641ஆம் ஆண்டு கைப்பற்றினர். அக்காலத்தில் அவர்தம் தாயகத்தில் மலர், கனி, சிப்பி, பூச்சி ஆகியவற்றை அடுக்கி வரையும் கலை செழித்திருந்தது. கடல் வணிகம் செல்வத்தைக் குவித்தது. அச்செல்வம் நிலையாதென இத்தகைய ஓவியங்கள் பல எச்சரித்தன. அவற்றில் ஈ அழுகலையும் வண்ணத்துப்பூச்சி ஆன்மாவையும் குறித்தன. பண்டைய கிரேக்கத்தில் ஆன்மாவுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஒரே சொல் வழங்கியது. ஓட்டோ மார்சியஸ் வான் ஸ்க்ரீக் என்னும் ஓவியர், உண்மையான வண்ணத்துப்பூச்சிச் சிறகுகளையே ஈர வண்ணத்தில் ஒற்றிப் பதித்தார்.

இம்மரபு நிழற்படக் கலையிலும் தொடர்ந்தது. அமெரிக்கக் கலைஞர் ஜோ வேய்லி, இறந்த பூச்சிகளை நாடகப் பாத்திரங்களைப்போல் நிறுத்திப் படமெடுத்தார். ‘பூச்சிகளின் அரங்கம்’ எனப் பொருள்படும் பெயரில் அப்படங்கள் 2008ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. நிழற்படம் என்றதும் உள்ளதை உள்ளபடியே காட்டுவதாக மாணவர்கள் நம்பிவிடுகின்றனர். அங்குள்ள பூச்சியை ஒருவர் கருத்தோடு வைத்திருக்கிறார் என்பதை நாம்தான் உணர்த்த வேண்டும்.

வைத்தவரின் மரபு மாறினால் பொருளும் மாறும். குறுந்தொகையின் 2ஆம் பாடலில் தலைவன் தும்பியை விளித்து, தலைவியின் கூந்தலைவிட மணமுள்ள மலரை அறிவாயோ எனக் கேட்கிறான். அங்கே தும்பி, மலர்களை நன்கறிந்த சாட்சியாக நிற்கிறது. அழிவின் நிழல் அதன்மேல் படியவில்லை.

ஆகவே, படத்தைக் காட்டும்போது மூன்று வினாக்களை எழுப்புவோம். இதை அமைத்தவர் யார்? எதனருகே எதை வைத்தார்? அவருடைய மக்கள் அதற்கு என்ன பொருள் கொண்டனர்? அதன்பின், மாணவன் தன் கண்ணால் கண்டதையும் கேட்போம்.

கனிந்த பழத்தை ஈ நாடுகிறது. கனிந்தபின் பழம் அழுகத் தொடங்குகிறது. நான் இரண்டாவதை மட்டும் சொன்னேன். அம்மாணவன் முதலாவதைச் சொன்னான். மறுவாரம் வகுப்பில் அனைவர் முன்னிலையிலும், அவன் விடையும் சரியே என்றேன். அன்றுமுதல் அவன் கை உயர்த்தத் தயங்கியதில்லை.