ஹாவொர்த் மேட்டு வானம்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பிரதேசத்தில், ஹாவொர்த் கிராமத்துப் பாதிரியார் இல்லத்தின் பின்புறம் விரியும் மேட்டுநிலத்தில், சரத்காலம் முதிர்ந்து ஹெதர் புதர்களின் ஊதாப் பூக்கள் பழுப்பேறிய பின்னரும், தம் நாய் கீப்பர் துணையாக நாவலாசிரியை எமிலி பிரான்ட்டே நெடுந்தூரம் உலவி வந்தார். டிசம்பர்க் கடைசியில் நடுப்பகற் சூரியனும் அடிவானத்திலிருந்து சுமார் 13 பாகையே உயரும் அந்த அட்சரேகையில், பகல் முழுவதும் மாலையின் சாய்ந்த ஒளியே பரவியிருப்பதும், மரங்கள் அரிதான நிலமாதலால் ஆகாயம் நாற்றிசையிலும் தரையைத் தொட்டு நிற்பதும், உச்சிவெயிலில் பழகிய நமக்கு எளிதில் கற்பனைக்கு எட்டாத காட்சிகள்.

1838-இல் அவர் நீர்வண்ணத்தில் தீட்டிய கீப்பரின் சித்திரம் இன்றும் இருக்கிறது. அந்த முரட்டு முகத்தை அத்தனை வாஞ்சையோடு நோக்கிய கண்களே, 1847-இல் வெளியான ‘உதரிங் ஹைட்ஸ்’ நாவலின் காற்றையும் மேகத்தையும் கண்டன என்பது என் துணிபு.

1848 செப்டம்பரில் தமையன் பிரான்வெல் இறந்தபின் நோயுற்ற எமிலிக்கு, அவ்வாண்டின் குளிர்கால வானம் ஜன்னலளவாயிற்று. டிசம்பர் 19-இல் அவர் உயிர்நீத்தார். சவ ஊர்வலத்தில் குடும்பத்தாரோடு நடந்து சென்ற கீப்பர், திரும்பி வந்து, அவருடைய அறை வாசலில் பல நாள் படுத்து ஊளையிட்டது.