உதவி வராத கோட்டை

ஜப்பானியக் கோட்டை என்றதும் பலரது மனக்கண்ணில் எழுவது ஹிமேஜியின் வெண்ணிற மாடங்களே. எனக்கோ மண்மேடாகிப் போன எல்லைக் கோட்டைகளில்தான் ஈடுபாடு அதிகம். 'கோட்டை' எனும் ஜப்பானிய எழுத்தே 'மண்', 'ஆதல்' என்ற இரு உருக்களின் கூட்டு. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுக் குலத்தலைவர்கள் தம்முள் பொருதிய நூறாண்டில் மலைமுகடுகளை வெட்டிச் சமப்படுத்தி, குறுக்கே உலர் அகழி தோண்டி, மரவேலி நட்டு எழுப்பியவை அவை. எல்லை நகர்ந்ததும் தேவையும் தீர்ந்தது.

ஷிசுஓகா மாகாணத்திலுள்ள தகாதென்ஜின் அவற்றிலொன்று. உயரம் 130 மீற்றர் அளவுதான். ஆனால் இதைப் பிடித்தவனுக்கே தோதோமி நாடு என்றார்கள்.

1574இல் தக்கேதா கட்சுயோரி முற்றுகையிட்டபோது உள்ளிருந்த தொகுகவா படை உதவிக்குக் காத்திருந்தது, வரவில்லை. கோட்டை சரணடைந்தது. பணிய மறுத்த ஒகோச்சி மசச்சிகா கற்குகையில் அடைக்கப்பட்டார். ஏழாண்டுகள்!

மறுவருடம் நாகஷினோவில் கட்சுயோரி தோற்றார். தொகுகவா இயெயாசு அவசரப்படவில்லை. சுற்றிலும் ஆறு காவலரண்களை அமைத்து உணவு வழிகளை அடைத்தார். உள்ளே தளபதியாக இருந்தவர் ஒகாபே மொட்டோநொபு. 1560இல் கொல்லப்பட்ட தன் தலைவனின் தலையைப் பெறுவதற்காகத் தன் வசமிருந்த கோட்டையையே விட்டுக்கொடுத்தவர் அவர்.

1581 தொடக்கத்தில் பட்டினியால் வாடிய படை, வேறிரு கோட்டைகளையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லிச் சரணடைய முன்வந்தது. ஏற்க வேண்டாமென எழுதினார் ஓதா நொபுனாகா. கட்சுயோரி உதவிக்கு வந்தால் முறியடிக்கலாம். வராவிட்டால், தன் ஆட்களைக் கைவிட்டவன் என்று அவரது மதிப்பு அழியும். இதைப் போர்த்தந்திரமென மெச்சுவோர் உண்டு. அந்தக் கணக்கில் பட்டினி கிடந்தவர்களுக்கு ஓர் இலக்கத்தின் பெறுமதி கூட இல்லை என்பதே எனக்குத் தெரிகிறது.

கட்சுயோரி வரவில்லை. அவ்வாண்டு மூன்றாம் மாதம் ஒகாபே எஞ்சியோருடன் வெளியே பாய்ந்து மாண்டார். ஏறத்தாழ எழுநூறு பேர் மடிந்தனர். குகையிலிருந்து மீட்கப்பட்ட ஒகோச்சியால் நடக்கவும் முடியவில்லை என்கிறார்கள். ஓராண்டு நிறையுமுன் தக்கேதா குலமும் அழிந்தது. நொபுனாகா கணக்கிட்டது போலவே அதன் படைத்தலைவர்கள் ஒவ்வொருவராக விலகிச் சென்றிருந்தனர்.

வென்ற இயெயாசு கோட்டையைக் கைவிட்டார். இன்று அங்கே மரங்களும் ஒரு வழிபாட்டிடமும், தூர்ந்த அகழிகளும், அந்தக் குகையும் உள்ளன. மேற்கே, நாயும் குரங்கும் கூடத் திரும்பிவிடும் எனப் பெயர்பெற்ற ஒடுங்கிய முகட்டுப் பாதை. கடைசி இரவில் யொகோத்தா என்ற வீரர் அவ்வழியே தப்பி, கட்சுயோரியிடம் செய்தி சேர்த்தார். பின்னாளில் அவர் இயெயாசுவிடமே சேவகம் புரிந்தார்.