கல்லோயா இடதுகரை நீர்ப்பங்கீடு

அம்பாறை மாவட்டத்தின் கல்லோயா இடதுகரையில், 1981 முதல் விவசாயிகள் வாய்க்கால்தோறும் ஒன்றுகூடி, குறைந்த தண்ணீரில் நெல் விளைச்சலைக் காத்த ஏற்பாடு. இதற்குப் பின்னணியில் நின்றவை கொழும்பு 7, விஜேராம மாவத்தையில் உள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் (இன்று ஹெக்டர் கொப்பேகடுவவின் பெயரைத் தாங்குவது) அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும்.

இங்கினியாகலவில் கல்லோயாவை மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம், சுதந்திர இலங்கையின் முதல் பெரிய நீர்த்தேக்கம். முப்பது ஆண்டுகளுக்குள் அதன் வாய்க்கால்கள் பல தூர்ந்து, மடைகள் உடைந்து போயின. தலைமடையில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்ற விவசாயிகள். கடைமடையில் தமிழ் பேசுவோர். மேலே வயல் வழிய வழியப் பாய, கீழே சிறுபோகத்துக்குத் தண்ணீர் எட்டுவதே அரிதாக இருந்தது.

1981 சிறுபோகம் தொடங்கியபோது நீர்த்தேக்கத்தில் கொள்ளளவின் கால் பங்கு அளவே தண்ணீர் இருந்தது. நிறுவகம் அனுப்பிய இளம் அமைப்பாளர்கள் ஊர்களில் தங்கி, ஒரே வயல் வாய்க்காலில் நீர் எடுக்கும் பத்து இருபது பேரைப் பேசவைத்தார்கள். முதலில் சிரமதானம் செய்து வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள். பிறகு முறைவைத்துப் பாய்ச்சினார்கள். சில வாரங்களிலேயே மிஞ்சிய நீரைக் கீழே விட்டுக்கொடுத்த குழுக்களும் உண்டு. பிரதிநிதியை வாக்கெடுப்பின்றி, எல்லோரும் உடன்பட்டே தெரிவு செய்தார்கள். அவருக்குச் சம்பளமும் இல்லை. கட்சி அரசியல் வாய்க்காலுக்குள் இறங்காமல் தடுத்ததில், உடன்பட்டுத் தெரிவு செய்யும் இந்த விதிக்குப் பெரும் பங்குண்டு. திருத்திய மடைகளைவிட இதையே முக்கியமாகக் கருதவேண்டும்.

தண்ணீரைக் குறைத்தும் விளைச்சல் ஏன் குறையவில்லை? நெல் நீரில் நின்று தாங்கும் பயிர். எப்போதும் நின்றாக வேண்டிய பயிர் அல்ல. வயலில் தேங்கும் நீரில் பெரும்பகுதி கசிந்தும் ஆவியாகியும் போகிறது. விவசாயி அதைத் தேக்கி வைப்பதற்கு ஒரு காரணம் களை. இன்னொன்று, அடுத்த முறை தண்ணீர் வருமா என்ற பயம். முறை தவறாது என்ற நம்பிக்கை வந்தால் இரண்டாவது காரணம் விழுந்துவிடும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம்மவர் சொல்வதையே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகம் துளையிட்ட குழாயால் அளந்து செய்யச் சொல்கிறது: வயலில் பதித்த குழாய்க்குள் நீர்மட்டம் நிலத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கியபின் மறுபடி பாய்ச்சலாம், பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக்கூடாது. இதனால் 30 வீதம் வரை நீர் மிஞ்சும்.

கடும் சோதனை 1997 சிறுபோகத்தில் வந்தது. இருக்கும் நீர் 15,000 ஏக்கருக்கே போதும் என்றது நீர்ப்பாசனத் திணைக்களம். விவசாய அமைப்புகள் 65,000 ஏக்கரிலும் பயிரிட்டு, வழமையைவிட நல்ல அறுவடை கண்டன. கோர்னெலின் நோர்மன் அப்ஹோஃபும் அவரோடு சேர்ந்து எழுதிய விஜயரத்னவும் 2000 இல் இதைப் பதிவு செய்தார்கள். இதே அப்ஹோஃப்தான் பின்னர் மடகஸ்காரின் நெற்செய்கை முறையை உலகெங்கும் பரப்பியவர். தமிழ்நாட்டில் அது செம்மை நெல் சாகுபடி எனப்படுகிறது.

இவ்வாறான கணக்குகளில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் இயங்கும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தின் தலைவராக இருந்த டேவிட் செக்லர், மேல்வயலில் வடியும் நீர் கீழுள்ள குளத்துக்கோ கிணற்றுக்கோ ஏற்கெனவே போய்ச் சேருமானால், அதை மேலே மறிப்பது உண்மையான சேமிப்பு ஆகாது என்று 1996 இல் வாதிட்டார். ஆகவே இடதுகரையின் சேமிப்பையும் ஒரு வயலின் வரப்போடு நிறுத்தாமல், நீர்த்தேக்கத்தின் மடையிலிருந்து கடைமடையின் வடிகால் வரை அளக்கவேண்டும்.