ஜவ்வாது மலை அருவிகள்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலையில், மழையை நம்பி ஓடும் அருவிகள் இவை. பீமன் மடவு, அமிர்தி என்னும் இரண்டும் பெயர்பெற்றவை. அண்டையிலுள்ள ஏலகிரி மலையின் ஜலகாம்பாறை அருவியையும் இவற்றோடு சேர்த்தே பேசுவது வழக்கம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிய ஜவ்வாது மலைக்குத் தென்கிழக்கே, செய்யாற்றங்கரையில் இருக்கிறது கலசப்பாக்கம். மலையூர்கள் பலவும் கலசப்பாக்கம் சட்டமன்றத் தொகுதிக்குள் அடங்கும்.

காடும் மழையும்

ஆகும்பேயையும் வால்பாறையையும் மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே வரக்கூடாது. இது மழைக்காடு அன்று. பெரும்பகுதி இலையுதிர் காடு. ஓடைக்கரைகளிலும் ஈரம் தங்கும் பள்ளங்களிலும் மட்டும் பசுமை மாறாத மரங்கள் நெருங்கி நிற்கும். ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர்போன மலை. மார்ச்சில் இலை கொட்டிக் கிடக்கும் சரிவைப் பார்த்தவருக்கு நவம்பரில் அதே இடம் அடையாளம் தெரியாது.

குற்றாலத்துச் சாரல் கணக்கும் இங்கே செல்லாது. ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் இடியோடு இறங்கும் மழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையும்தான் இந்த அருவிகளை ஓட வைப்பவை. அடியில் இருப்பது சார்னோகைட், நைஸ் வகைக் கடும்பாறை, நீரை உறிஞ்சாது. மேலே உள்ள மண்ணும் சருகும் எவ்வளவு நீரைப் பிடித்து வைக்கின்றனவோ, அவ்வளவுதான் மழை நின்ற பிறகு ஓடைக்குக் கிடைக்கும். அதனால் அருவி பெருகுவதும் சட்டென்று, மெலிவதும் சட்டென்று. காடு அடர்ந்திருந்தால் ஓட்டம் சில வாரம் நீடிக்கும். மொட்டையாகிப் போன சரிவில் மழைநீர் மண்ணையும் வாரிக்கொண்டு அன்றைக்கே இறங்கிவிடும்.

இறங்கும் நீருக்குக் கீழே வேலை காத்திருக்கிறது. மலையில் பிறக்கும் செய்யாறு செங்கம் வழியாகக் கலசப்பாக்கத்தைத் தொட்டு, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. செங்கத்துக்கு அருகே குப்பநத்தம் அணை, கலசப்பாக்கம் பக்கம் மேல்சோழங்குப்பத்தில் மிருகண்டாநதி அணை, படவேட்டை ஒட்டிய செண்பகத்தோப்பு அணை ஆகிய மூன்றும் இந்த மலையின் ஓடைகளை நம்பிக் கட்டப்பட்டவை. சுற்றுலாக்காரருக்கு அருவி ஒரு காட்சி. அடிவாரத்து விவசாயிக்கோ அது இந்த ஆண்டு ஏரி நிரம்புமா என்பதற்கு முதல் தகவல்.

அருவிகள்

பீமன் மடவு, மலையின் தலைமை ஊரான ஜமுனாமரத்தூருக்கு அருகில் உள்ளது. பீமன் அருவி, பீமன் நீர்வீழ்ச்சி என்றும் சொல்வார்கள். செங்குத்தாக ஒரே வீச்சில் விழும் அருவியைத் தேடுபவர் ஏமாறுவார். இதன் அழகு பாறைகளில் நீர் பிரிந்து, தாவி, மறுபடி கூடுவதில்தான். இப்படிப்பட்ட அருவிகளில் பாறை வெடிப்பில் சிக்கிய கூழாங்கற்களை வெள்ளம் சுழற்றிச் சுழற்றியே ஆழமான குழிகளைக் குடைந்துவிடும். மேலே முழங்கால் அளவு நீர் போலத் தெரியும்; உள்ளே ஆள் மூழ்கும் ஆழம் இருக்கலாம். கலங்கல் நீர் ஓடும் நாளில் இறங்கவே கூடாது. அப்படிப்பட்ட நாட்களில் வனத்துறை தடை போட்டால், அது காரணத்தோடுதான்.

அமிர்தி அருவி வேலூர்ப் பக்கம் உள்ளது. நகரிலிருந்து சுமார் 25 கி.மீ. 1967இல் தொடங்கிய சிறிய உயிரியல் பூங்கா காட்டின் முகப்பில் இருக்கிறது. அருவியைக் காண அதையும் தாண்டிக் காட்டுக்குள் நடக்க வேண்டும். ஜலகாம்பாறை திருப்பத்தூருக்கு அருகே, ஏலகிரியில் தோன்றும் அட்டாற்றின் அருவி. மூலிகைகளைத் தழுவி வரும் நீர் என்ற நம்பிக்கையால் குளிக்க வருவோர் அதிகம். முருகன் கோயிலும் உண்டு.

மலைபடுகடாம் தரும் வழிக்குறிப்பு

பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இந்த வட்டாரத்துப் பாட்டு. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகள் கொண்டது. செங்கண்மாவில், அதாவது இன்றைய செங்கத்தில் ஆண்ட நன்னனிடம் பரிசு பெறச் செல்லும் கூத்தருக்கு வழிகாட்டுவது. அதில் வரும் நவிர மலையைக் கலசப்பாக்கம் வட்டத்துப் பர்வதமலையாகக் கொள்வர். செய்யாறும் சேயாறு என்ற பெயரில் அந்தப் பாட்டில் ஓடுகிறது.

வழியின் அழகைச் சொன்ன கையோடு ஆபத்தையும் சொல்லிவிடுவது இந்தப் புலவரின் தனித்தன்மை. பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், பார்த்து நடங்கள் என்கிறார். தினைப்புனத்துக்கு வரும் யானையை விரட்டக் குறவர் எறியும் கவண்கல் உங்கள் மேலும் படலாம் என்கிறார். நீரோரம் பாசி படர்ந்து கால் வழுக்கும். அங்கே சிறுமூங்கிலையும் கோரையையும் பற்றிக்கொண்டு கடந்து போங்கள் என்கிறார். இன்றைய அருவி ஓரத்து எச்சரிக்கைப் பலகைகளில் இவ்வளவு கரிசனம் இருப்பதில்லை. யானைத் தொல்லையும் பழங்கதையாகிவிடவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் பயிரழித்துத் திரிந்த ஆறு காட்டு யானைகளை 2013 ஆகஸ்டில் கும்கிகளின் துணையோடு வனத்துறை பிடித்துச் சென்றது.

ஒரு நாள் பயணம்

கலசப்பாக்கத்திலிருந்து போளூர் போய், அங்கிருந்து அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூருக்குச் சுமார் 40 கி.மீ. மலைச்சாலை. செங்கம் பக்கத்திலிருந்து பரமனந்தல் வழியாகவும் ஏறலாம். அந்தச் சாலையே மறுபுறம் அமிர்திக்கு இறங்குகிறது. காலையில் பீமன் மடவு, வெயில் ஏறியதும் ஜமுனாமரத்தூர், கோமுட்டேரி ஏரியில் படகு, மாலையில் அமிர்தி வழியாக வேலூர் என்று ஒரு நாளில் சுற்றிவிடலாம். மலையில் வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். இவர்கள் தமிழ் பேசுபவர்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்பவர்கள். சாமை, தேன், புளி, பலா ஆகியவை இவர்களிடம் வாங்கத்தக்கவை. சாமை அரிசியைக் கட்டாயம் வாங்க வேண்டும்.

காவலூர் வைணு பாப்பு வானாய்வகமும் இதே மலையில், 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஒரே பயணத்தில் அருவியையும் விண்மீனையும் பார்த்துவிடலாம் என்று திட்டமிடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அருவி நிறைந்திருக்கும் மாதங்களில் வானம் மேகம் மூடியிருக்கும், வானம் தெளியும் மாதங்களில் அருவி மெலிந்துவிடும்.

அருவிக்காகவே வருபவர் அக்டோபர் பிற்பகுதியிலிருந்து பொங்கல் வரை, நல்ல மழை பெய்து ஓரிரு நாள் கழித்து வருவது நல்லது. கோடையில் வந்தால் பீமன் மடவில் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் பாறைதான்.