ரப்பர் பேண்டில் இருந்து ரத்தப் பை வரை

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூட்டியில் இருந்தேன். கல்லூரி படிக்கும் தம்பி ஒருவர் ஆள்காட்டி விரலைத் துண்டால் சுற்றிக்கொண்டு வந்தார். கூட வந்த அம்மா முகம் வெளுத்திருந்தது.

"என்னப்பா, மிக்ஸியா?"

"இல்ல டாக்டர்... ப்ளேன்."

ரிமோட்டில் பறக்கும் ஆர்.சி. விமானம். நெய்வேலி டவுன்ஷிப் மைதானத்தில் பறக்கவிட, முதல் நாள் வீட்டு மேஜையில் வைத்துச் சரிபார்த்திருக்கிறார். ப்ரொப்பல்லரைக் கழற்றவில்லை. ரிமோட்டில் த்ராட்டில் குச்சி மேல் கை பட்டுவிட்டது. நாலு தையல், ஒரு டிடி ஊசி. தசைநார் தப்பியது அதிர்ஷ்டம்.

தையல் போடும்போது, பயம் தெரியாமல் இருக்கட்டும் என்று, "இது எப்படித் தம்பி வேலை செய்யுது?" என்று கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டு அன்று இரவு படிக்க ஆரம்பித்தவன், விடியும்வரை படித்தேன்.

எனக்குப் புரிந்தது ஒன்றுதான். தூரத்தில் இருந்து ஆணை கொடுப்பது சுலபம். அது நிறைவேறியதா என்ற பதில் திரும்பி வருவதுதான் கஷ்டம். இந்த விமானங்களின் வரலாறே அந்தப் பதிலைத் தேடிப் போன வரலாறு.

1937, அமெரிக்காவின் மிச்சிகன். வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் ரேடியோ மூலம் ஒரு மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார்கள். பெயர் 'கஃப்'. இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் சுக்கானைத் திருப்பியது எது தெரியுமா? முறுக்கி வைத்த ரப்பர் பேண்ட்! ரேடியோ சிக்னல் வந்ததும் மின்காந்தம் ஒரு கொக்கியை விடுவிக்கும். ரப்பர் ஒரு படி சுழலும். சுக்கான் முழுசா இடது. இன்னொரு சிக்னல், நேர். அடுத்தது, முழுசா வலது. "லேசா இடது பக்கம்" என்பதே கிடையாது. அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் கீழே நிற்பவர்தான் நினைவில் வைத்துக்கொள்ளணும்.

1957 ஜூன் 30-ல் இங்கிலாந்தின் கர்னல் டாப்ளின், எஞ்சினுக்குப் பதில் மின்மோட்டாரும் சில்வர்-ஜிங்க் பேட்டரியும் வைத்து 'ரேடியோ குவீன்' விமானத்தைப் பறக்கவிட்டார். 1960-களில் டிரான்சிஸ்டர் வந்து கருவிகளின் எடை குறைந்தது. சர்வோ மோட்டார் பரவியது.

இப்போ கண்ணை மூடி உங்க மூக்கைத் தொடுங்க. தொட்டுட்டீங்களா? கை எங்கே இருக்கிறது என்ற தகவல் மூளைக்குத் திரும்பிக்கொண்டே இருப்பதால்தான் முடிகிறது. நரம்பு நோயாளிகளிடம் நாங்கள் செய்யும் பரிசோதனை இது.

சர்வோவும் அதைத்தான் செய்கிறது. நொடிக்கு சுமார் 50 துடிப்புகள் ஆணையாக வரும். ஒரு துடிப்பின் நீளம் 1 மில்லி நொடி என்றால் ஒரு ஓரம், 2 என்றால் மறு ஓரம், 1.5 என்றால் நடு. ரேடியோவில் வால்யூம் திருகு இருக்குமே, அது போன்ற ஒரு பாகம் உள்ளே இருந்து "நான் இப்போ இங்கே நிற்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஆணையும் நிலையும் ஒத்துப்போகும்வரை மோட்டார் சுழலும்.

ஆனால் சுக்கான் எங்கே என்று தெரிந்தால் போதுமா? விமானம் சாய்ந்திருப்பது அதற்கே தெரியணுமே?

நம் உள்காதில் தலை சுழல்வதை உணர அரைவட்டக் குழாய்கள் உண்டு. சாய்வை உணரத் தனி உறுப்பு உண்டு. விமானத்தில் இந்த வேலையை கைரோவும் ஆக்ஸிலரோமீட்டரும் செய்கின்றன. கார் ஏர்பேக்கிலும் செல்போனிலும் கோடிக்கணக்கில் தேவைப்பட்டதால் இவை அரிசி அளவு சில்லாகி, விலையும் குறைந்தன. 2000 மே மாதம், ஜிபிஎஸ் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்ததை அமெரிக்கா நிறுத்தியது. "எங்கே இருக்கிறேன்?" என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது.

இனி நம்ம ஊர் கதை.

சென்னை குரோம்பேட்டை எம்ஐடி, 1949-ல் தொடங்கியது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த இடம். அங்கே பேராசிரியர் செந்தில்குமார் வழிகாட்டுதலில் உருவானது 'தக்ஷா' மாணவர் குழு. 2018-ல் ஆர்.சி. விமானப் பிரியரான நடிகர் அஜித்குமார் அதன் ஆலோசகரானார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' போட்டியில் தக்ஷா 2-ம் இடம் பிடித்தது. எட்டாத இடத்தில் இருக்கும் நோயாளியிடம் ஆளில்லா விமானம் போய் இறங்கி, ரத்த மாதிரியோடு திரும்பணும் என்பதுதான் அந்தப் போட்டியின் அடிப்படை!

2021 அக்டோபரில் மணிப்பூரின் லோக்டாக் ஏரித்தீவுக்கு ஐசிஎம்ஆர் ட்ரோனில் தடுப்பூசி அனுப்பியது. சாலையில் போனால் 26 கி.மீ. வானில் 15 கி.மீ., 12 முதல் 15 நிமிடம். 2023 மே மாதம் டெல்லி வட்டாரத்தில் 10 யூனிட் ரத்தம் சோதனை ஓட்டமாகப் பறந்தது. ஆம்புலன்ஸிலும் ரத்தம் அனுப்பி, தரத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரத்தம் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. குளிர் காக்கப்பட்டதா, சிவப்பணு உடைந்ததா என்ற பதிலும் வேண்டும்.

ஏன் இதைப் படித்து எனக்குத் தூக்கம் போனது?

பல வருடம் முன்பு வேறொரு ஊரில் வேலை. பிரசவம் முடிந்த ஒரு தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் வெளியூரில் இருந்து வரணும். "வண்டி கிளம்பிடுச்சு" என்று போன் வந்தது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஒரு கை அவர் நாடியில், என் கண் வாசலில். அன்று அந்தத் தாய் பிழைத்தார். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

ஆர்.சி. விமானம் வைத்திருக்கும் தம்பி தங்கைகளே... மேஜையில் சரிபார்க்கும்போது ப்ரொப்பல்லரைக் கழற்றிடுங்க. உப்பிய லித்தியம் பேட்டரியைப் பயன்படுத்தாதீங்க. சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீங்க.

மற்ற எல்லோருக்கும் ஒன்று. ரத்தத்தைத் தூக்கிக்கொண்டு பறக்க இயந்திரம் கற்றுக்கொண்டது. ரத்தத்தைத் தயாரிக்க இன்னும் எந்த இயந்திரத்துக்கும் தெரியாது.

அதை நீங்கதான் கொடுக்கணும்.