ஜேர்மானியச் சிற்றூர்களின் இலச்சினைகளும் கொடிகளும்

அரசர்தம் கொடியும் முத்திரையும் வரலாற்றாசிரியர்களால் நுணுகி ஆராயப்பட்டுள்ளன. பேரரசுகள் எழுந்த வரலாறும் வீழ்ந்த வரலாறும் அவற்றின் துணைகொண்டு கூறப்படுகின்றன. ஆயின், சில நூறு குடிகளே வாழும் ஊரொன்று தனக்கெனக் கொடியும் இலச்சினையும் கொண்டிருப்பின், வரலாற்று மாணவன் அவற்றை எவ்வாறு நோக்குதல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு ஜேர்மனி ஏற்றதொரு களமாகும். அந்நாட்டில் இன்று ஏறத்தாழ 10,700 உள்ளூராட்சிகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை சிற்றூர்களும் சிறுநகரங்களுமே. அவற்றுள்ளும் மிகப்பல தமக்கெனத் தனி இலச்சினை உடையன. ஊர்மன்றத்தின் வாயிலிலும், அலுவற் கடிதங்களின் தலைப்பிலும், தீயணைப்புப் படையினரின் ஊர்திகளிலும் அது காணப்படும். விழாக்காலங்களில் அதன் நிறங்களைத் தாங்கிய கொடி வீதிகளிற் பறக்கும். சிங்கம், கழுகு, சக்கரம், சிலுவை, ஏர்முனை முதலியன தீட்டப்பெற்ற அக்கேடயங்களைக் காண்போர், அவை யாவும் பண்டைப் போர்வீரர் காலத்திலிருந்து வழிவழி வந்தவை என்றே எண்ணுவர். அவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமுடையது என்பது ஆராயத்தக்கது.

ஐரோப்பாவில் இலச்சினை மரபு 12ஆம் நூற்றாண்டிலே தோன்றியது. தலைச்சீரா முகத்தையும் மறைக்கத் தொடங்கிய அக்காலத்தில், போர்க்களத்திலும் வீரவிளையாட்டுக் களத்திலும் இன்னார் இன்னவர் என அறிதற்குக் கேடயத்தில் எழுதிய குறி உதவிற்று. அக்குறி தந்தையிடமிருந்து மைந்தனுக்கு உரிமையாக வந்தபோது குடிச்சின்னமாயிற்று. அதே நூற்றாண்டிற் கொலோன், திரியர், மைன்ஸ் முதலிய நகரங்கள் தமக்கென முத்திரைகளைச் செய்துகொண்டன. அதற்குக் காரணம் வேறு. நகரத்தார் பலர் ஒருங்குகூடி உடன்படிக்கை செய்யின் அதற்கு உறுதி அளிப்பவர் யார்? அரசன் இறப்பான்; வணிகன் இறப்பான்; நகரமோ தொடர்ந்து நிலைபெறும். அங்ஙனம் நிலைபெறும் நகரத்தைச் சட்டத்தின்முன் ஓர் ஆளாக நிறுத்தியது மெழுகிற் பதித்த முத்திரையே. நகரைக் காக்கும் புனிதரின் உருவமோ, மதிலும் வாயிற்கோபுரமுமோ, ஆட்சியாளரின் சின்னமோ அதில் இடம்பெற்றது. பின்னர் இவ்வுருவங்கள் கேடயத்தினுள் அமைக்கப்பட்டு நகர இலச்சினைகளாயின.

சிற்றூர்களின் நிலை வேறாயிருந்தது. அவற்றுக்கு மதில் இல்லை. சந்தை கூட்டும் உரிமையும் பெரும்பாலும் இல்லை. நிலக்கிழாருக்கோ மடத்துக்கோ அடங்கி வாழ்ந்த உழவர்கள் தம் ஊரின் பெயரால் ஆவணம் முடிக்க வேண்டிய தேவை அரிதாகவே ஏற்பட்டது. ஏற்பட்டபோதும் முத்திரையுடையார் ஒருவரை வேண்டி அவரது முத்திரையை இடுவித்தனர். ஆயினும் ஊர்களுக்கு வேறொரு தேவை இருந்தது. மேய்ச்சல் நிலம் எங்கே முடிகின்றது, விறகு தறிக்கும் காடு எவ்வூருக்கு உரியது என்பன அயலூர்களுக்கிடையே ஓயாத வழக்குகளாயின. ஆதலின் எல்லைக்கற்கள் நடப்பட்டன. வூர்ட்டம்பேர்க் நாட்டில் அக்கற்களில் ஊர்க்குறிகள் பொறிக்கப்பட்டன. பிராங்கோனியாவில் எல்லைக்கற்களை நடுதற்கெனச் சத்தியம் செய்து பணிபூண்ட ஊர்ப்பெரியோர் இருந்தனர். பல இடங்களில் எழுவராக அமைந்தமையின் அவர்கள் ‘எழுவர்’ என்றே வழங்கப்பட்டனர். கல்லின் அடியிலே தாம் மட்டும் அறிந்த இரகசியக் குறிகளை இவர்கள் இட்டுவைத்தனர். எவரேனும் இரவோடிரவாகக் கல்லைப் பெயர்த்து நட்டால், அடியில் இருந்த குறியே வஞ்சகத்தைக் காட்டிக்கொடுத்தது. இப்பணி பவேரியாவில் இன்றும் அற்றுப்போகவில்லை.

காலப்போக்கில் ஊர் வழக்குமன்றங்களும் முத்திரைகள் கொண்டன. ஏர்முனை, முந்திரிகைக்கொடி நறுக்கும் வளைகத்தி, கதிர்க்கற்றை, ஊர்ப்பெயரின் முதலெழுத்து முதலிய எளிய உருவங்களே அவற்றிற் பெரும்பாலும் அமைந்தன. ஆகவே, வீரனின் இலச்சினை போர்க்களத்திற் பிறந்ததாக, ஊரின் சின்னம் எல்லை காத்தலிலும் வழக்குத் தீர்த்தலிலும் பிறந்தது எனலாம். பெருமிதத்துக்கு முன்னர்க் கடமை வந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இலச்சினைக்கு உருவம் உடலாயின் நிறமே உயிர். பொன், வெள்ளி என்னும் இரண்டும் உலோகம் எனவும், சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்பன நிறம் எனவும் வகுக்கப்பட்டன. உலோகத்தின்மேல் உலோகமும் நிறத்தின்மேல் நிறமும் அமைதல் ஆகாது என்பது விதி. தொலைவிலிருந்து காண்போருக்கும் உருவம் தெளிவாய்ப் புலப்படுதல் வேண்டுமென்பதே இதன் நோக்கம். வலம், இடம் என்பனவும் காண்போன் பக்கமாகவன்றிக் கேடயம் தாங்கி நிற்போன் பக்கமாகவே கொள்ளப்படும். மெழுகு முத்திரையிலோ நிறமில்லை. நிறங்களைக் கோடுகளாற் குறிக்கும் முறையொன்றை இயேசுசபைத் துறவியான சில்வெஸ்டர் பெத்ரா சாங்தா 1638இல் தம் நூலில் எடுத்தாண்டார். நெடுங்கோடு சிவப்பையும், கிடைக்கோடு நீலத்தையும், புள்ளி பொன்னையும் குறிக்கும். ஆயினும் எளிய ஊர்முத்திரைகளை வெட்டிய கைவினைஞர் எல்லாரும் இம்முறையைப் பின்பற்றினாரல்லர். உருவம் பழையதாயிருந்தும் நிறம் பிற்காலத்தவரால் வகுக்கப்பட்ட இலச்சினைகள் பல இருப்பதற்கு இதுவே காரணம்.

ஊர் இலச்சினைகளில் அடிக்கடி வரும் உருவங்களுட் பல, அவ்வூர்களை ஆண்டவர்க்கு உரியன. பவேரியாவின் வெள்ளை நீலச் சாய்சதுரங்களும், பேடன் நாட்டின் பொற்புலத்துச் சிவந்த சாய்பட்டையும், வூர்ட்டம்பேர்க்கின் கரிய மான்கொம்புகளும் இவ்வாறு வந்தவை. பவேரியாவின் சாய்சதுரங்களும் முதலில் அந்நாட்டாருடையனவல்ல. போகன் பிரபுக்களின் குடி 1242இல் அற்றபோது அவர்தம் நிலங்களோடு பவேரியக் கோமக்களுக்கு வந்து சேர்ந்தவை. மைன்ஸ் பேராயரின் சின்னமோ சிவப்புப் புலத்தில் ஆறு ஆரங்கொண்ட வெள்ளிச் சக்கரமாகும். 975 முதல் 1011 வரை பேராயராயிருந்த வில்லிகிஸ் வண்டிற்சக்கரம் செய்யும் தச்சன் மகன் என்றும், அவரை எள்ளுதற்கு எதிரிகள் சுவரில் எழுதிய சக்கரத்தை அவர் தம் சின்னமாகவே ஏற்றுக்கொண்டார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை இனியது, ஆனால், அவர் இறந்து ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரே இலச்சினை மரபு தோன்றியமையின் அதனை வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. பேராயரின் அரசு 1803இல் மறைந்தது. அவருடைய நிலங்கள் அயலரசுகளுக்குப் பங்கிடப்பட்டன. ஆயினும் மைன் ஆற்றங்கரையிலும் ஓடன்வால்ட் மலைப்பகுதியிலும் ஐக்ஸ்பெல்ட் நாட்டிலும் உள்ள ஊர்களின் இலச்சினைகளில் அச்சக்கரம் இன்றும் காணப்படுகின்றது. அவ்வூர்களை நிலப்படத்திற் குறித்துப் பார்ப்பவனுக்கு, இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் அழிந்த ஓர் அரசின் பரப்பு கண்முன் தோன்றும்.

பெயரையே உருவமாகக் காட்டும் இலச்சினைகளும் உள்ளன. இவை ‘பேசும் இலச்சினை’ எனப்படும். நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஏபர்பாக் என்னும் ஊரின் கேடயத்தில் ஆண்பன்றியும் நீரோடையும் உள்ளன. ஏபர் என்பது ஆண்பன்றி, பாக் என்பது ஓடை. எருதுத்துறை எனப் பொருள்படும் ஒக்சன்பூர்ட்டின் இலச்சினை எருது. கொன்ஸ்டன்ஸ் ஏரியிலுள்ள லிண்டாவ் நகரின் இலச்சினை லிண்டன் மரம். இதனை நோக்கிப் பன்றித்துறை எனப் பொருள் கொள்ளத்தக்க பெயருடைய சுவைன்பூர்ட்டில் பன்றியைத் தேடுவோர் ஏமாறுவர். அந்நகர் பேரரசருக்கு நேரே அடங்கிய நகராயிருந்தமையாற் கழுகையே சின்னமாகக் கொண்டது. பெயரினும் பதவி பெரிதாகக் கருதப்பட்ட இடம் அது.

இனி, இவ்விலச்சினைகளின் வயதை நோக்குவோம். பவேரிய ஓவியரும் ஆய்வாளருமாகிய ஒட்டோ ஹூப் (1859-1949) 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மானிய நகரங்கள், சிறுநகரங்கள், ஊர்கள் ஆகியவற்றின் இலச்சினைகளையும் முத்திரைகளையும் தொகுத்து வெளியிடத் தொடங்கினார். ஏறத்தாழ அதே காலத்திற் கார்ல்சுரூவிலுள்ள ஆவணக்களரியினர் பேடன் நாட்டு ஊர்களின் பழைய முத்திரைகளை ஆராய்ந்து, இலச்சினையில்லாத ஊர்களுக்குப் புதியன வகுத்து உதவினர். பிரேமன் நகரிலுள்ள காபி ஹாக் என்னும் கோப்பி நிறுவனம் ஹூப் வரைந்த இலச்சினைகளைச் சிறு வண்ணப்படங்களாக அச்சிட்டு வழங்கியது. மக்கள் அவற்றைச் சேர்த்து ஏடுகளில் ஒட்டிவைத்தனர். இங்ஙனம் அறிஞர் ஆராய்ச்சி வீடுதோறும் புகுந்தது. தமக்கும் ஓர் இலச்சினை வேண்டும் என்னும் விருப்பம் ஊர்களிற் பெருகிற்று. ஆகவே, வீரர் காலத்தவை போலத் தோன்றும் ஊர் இலச்சினைகளுட் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டில் உருவானவையே. அதனால் அவை பொய்யாகிவிடா. ஆயினும் ஓர் இலச்சினை, தான் காட்டும் காலத்துக்கு மட்டுமன்றித் தான் வரையப்பட்ட காலத்துக்கும் சான்றாகும் என்பதை மாணவர் மறத்தலாகாது.

இவ்வுண்மையைக் கோபூர்க் நகரின் வரலாறு கசப்புடன் உணர்த்தும். அந்நகரின் பழைய இலச்சினை கறுப்பினத்தவர் ஒருவரின் தலையாகும். எகிப்திலுள்ள தீபையிலிருந்து வந்த உரோமப் படைத்தலைவரும், சமயத்துக்காக உயிர்துறந்தவரும் எனப் போற்றப்படும் புனித மொரிஸ் அந்நகரின் காவலர். நகரின் தலைமைத் தேவாலயமும் அவர் பெயரியதே. 1929இல் நாசிக் கட்சி தனிப்பெரும்பான்மையுடன் கைப்பற்றிய முதல் நகரமன்றம் கோபூர்க் மன்றமாகும். 1934இல் புனிதரின் தலை அகற்றப்பட்டது. அவ்விடத்திற் குமிழிலே சுவஸ்திகம் பொறித்த வாளொன்று வைக்கப்பட்டது. மறு ஆண்டு, 1935 சனவரி 30ஆம் நாள் வந்த உள்ளூராட்சிச் சட்டம், ஊர்களுக்குப் புதிதாக இலச்சினையும் கொடியும் வழங்கும் அதிகாரத்தை அரசின் ஆளுநர் கையில் வைத்தது. 1945இல் அவ்வாட்சி வீழ, பழைய இலச்சினை கோபூர்க்குக்கு மீண்டது. 2020இல் மற்றொரு வினா எழுந்தது. அத்தலை வரையப்பட்டுள்ள முறை கறுப்பினத்தவரை இழிவுபடுத்துவதாகக் கூறி அதனை நீக்குமாறு சிலர் வேண்டினர். அது தம் புனிதரைப் போற்றும் வடிவமே எனப் பிறர் மறுத்துரைத்தனர். இலச்சினை மாறவில்லை. ஒரே உருவம் ஒரு தலைமுறையில் இனவெறியரால் வெறுக்கப்பட்டதும், மற்றொரு தலைமுறையில் இனவெறியை எதிர்ப்போரால் ஐயுறப்பட்டதும் சிந்தித்தற்குரியன.

இலச்சினையிலிருந்து கொடி பிறக்கும். உருவத்தின் நிறம் மேலும் புலத்தின் நிறம் கீழுமாக அமைந்த பட்டைகளே ஊர்க்கொடிகளின் பொது இலக்கணம். ஆனால், ஊரின் நிலத்தையே கொடியாக்கியது வடகடலிலுள்ள ஹெலிகோலாந்து என்னும் சிறு தீவு. பச்சை புல்வெளிக்கும், சிவப்பு செங்குத்தான பாறைக்கும், வெள்ளை கடற்கரை மணலுக்கும் உரியன. டென்மார்க்கிடமிருந்து 1807இற் பிரித்தானியர் கைப்பற்றிய அத்தீவு, இலங்கையைப் போலவே முடிக்குரிய குடியேற்றநாடாக ஆளப்பட்டு, 1890இல் ஓர் உடன்படிக்கையால் ஜேர்மனிக்குக் கையளிக்கப்பட்டது. 1945 ஏப்பிரலில் விழுந்த குண்டுகள் ஊரை அழித்தன. மக்கள் யாவரும் அகற்றப்பட்டனர். 1947 ஏப்பிரல் 18ஆம் நாள் ஏறத்தாழ 6,700 தொன் வெடிமருந்து அங்கே ஒருங்கு வெடிக்கப்பட்டது. அதன் பின்னரும் தீவு குண்டுவீச்சுப் பயிற்சிக்களமாகவே இருந்தது. 1950 திசெம்பர் 20ஆம் நாள் ஹைடல்பேர்க் மாணவர் இருவர் அங்கே கரையேறி, ஜேர்மானியக் கொடியையும் ஐரோப்பிய இயக்கத்தின் கொடியையும், அவற்றோடு பச்சை சிவப்பு வெள்ளைக் கொடியையும் ஏற்றினர். குடியொன்றும் இல்லாத இடிபாட்டின்மீது பறந்த அக்கொடி, இஃது ஓர் ஊர் என்று உலகுக்கு அறிவித்தது. 1952 மார்ச் 1ஆம் நாள் தீவு ஜேர்மனியிடம் மீள ஒப்படைக்கப்பட்டது. மக்களும் திரும்பி வந்து ஊரைப் புதுக்கினர்.

போரினாலன்றி ஆட்சிச் சீர்திருத்தத்தாலும் ஊர்கள் மறைதல் உண்டு. மேற்கு ஜேர்மனியில் 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நிகழ்ந்த எல்லைச் சீரமைப்பினால், ஏறத்தாழ 24,000 ஆக இருந்த உள்ளூராட்சிகள் 8,500 அளவாகக் குறைந்தன. செலவைச் சுருக்குதலும் நிருவாகத் திறனை வளர்த்தலும் அதன் நோக்கம். அந்நோக்கம் தவறெனல் இயலாது. பாடசாலையும் நீர்வழங்கலும் நடத்தச் சில நூறு பேரின் வரிப்பணம் போதுவதில்லை. ஆயினும் ஊர்மன்றம் கலைந்தபோது அதன் இலச்சினையும் சட்ட வலுவை இழந்தது. இணைந்த ஊர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கதிர்களையோ விண்மீன்களையோ புதுக் கேடயங்களில் வைத்து, இழந்தோரை ஆற்ற முயன்ற இடங்களும் உண்டு. சில ஊர்கள் ஆறவில்லை. பவேரியாவின் வடவெல்லையிலுள்ள எர்மர்ஸ்ஹௌசன் 1978இல் அயலூரான மரோல்ட்ஸ்வைசாக்குடன் இணைக்கப்பட்டபோது, மக்கள் தம் ஊர்மன்றக் கட்டடத்தை மறித்து நின்றனர். பெரும் பொலிசுப் படை வந்தே அங்கிருந்த ஏடுகளை எடுத்துச் செல்ல வேண்டியதாயிற்று. பதினாறு ஆண்டுகள் ஓயாது முயன்ற அவ்வூரார் 1994இல் தம் தனியாட்சியை மீளப் பெற்றனர். கிழக்கு ஜேர்மனியிலும் 1990ஆம் ஆண்டின் பின்னர் ஊர்கள் பல தம் பழைய இலச்சினைகளைத் தேடியெடுத்தன. இல்லாதவை புதியன வகுத்துக்கொண்டன.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், சிற்றூரின் இலச்சினை அழகுப் பொருளாக மட்டும் இருந்ததில்லை என்பது விளங்கும். எல்லைக்கல்லின் குறியாகத் தொடங்கி, வழக்குமன்றத்தின் முத்திரையாக வளர்ந்து, ஆண்டவரின் சின்னங்களைச் சுமந்து, பின்னர்த் தன் பெயரையும் தொழிலையும் தானே கூறத் துணிந்த ஒரு சமுதாயத்தின் சுவடு அது. அதன் வயதை மிகைப்படுத்துதல் வரலாற்றுக்கு இழுக்கு. புதியதென்று அதனை இகழ்தலும் அத்தகையதே. நேற்று வரைந்த ஏர்முனையாயினும், தன் காரியத்தைத் தானே நடத்தும் உரிமை தனக்கு உண்டென்று ஓர் ஊர் இட்ட கையொப்பமாக அது நிற்கின்றது. அவ்வுரிமை பறிபோன காலங்களிலெல்லாம் கேடயமும் கொடியும் முதலில் மாறின அல்லது மறைந்தன என்பதை ஜேர்மானிய வரலாறு காட்டுகின்றது.