ஆறடி அகலச் சமையலறையின் கதை

நம் குடியிருப்பில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சமையலறை ஏறக்குறைய ஒரே மாதிரிதான். இடுப்பு உயரத்தில் மேடை, ஓரத்தில் தொட்டி, தலைக்கு மேலே அலமாரி, நடுவில் ஒருவர் நிற்க இடம். யாரோ ஒரு மேஸ்திரி எப்போதோ இப்படிக் கட்டிவைத்தார், அதுவே பழகிவிட்டது என்று தோன்றும். ஆனால் சின்ன வீட்டுக்கென்றே அங்குலம் அங்குலமாக அளந்து, ஒரே அச்சில் ஆயிரக்கணக்கான வீடுகளில் சமையலறை பொருத்தும் வேலையை ஒரு நகராட்சி 1926ல் செய்திருக்கிறது. ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரம் அது. அந்தக் கதை நமக்கு இப்போது ஏன் தேவை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் உலகப் போர் முடிந்தபின் ஜெர்மனியில் வீட்டுப் பஞ்சம். தொழிலாளர் குடும்பங்கள் ஓரிரு அறைகளில் அடைந்து கிடந்தன. நிலக்கரி அடுப்பு எரியும் சமையலறைதான் வீட்டில் கதகதப்பான இடம். அதனால் சமையல், சாப்பாடு, குளியல், பிள்ளைகளின் படுக்கை எல்லாமே அங்கேதான். 1925ல் எர்ன்ஸ்ட் மை என்ற கட்டடக் கலைஞர் நகரின் கட்டடத் துறைக்குத் தலைவரானார். ஐந்தே ஆண்டுகளில் 10,000 வீடுகளுக்கு மேல் கட்டப்பட்டன. பணம் குறைவு, ஆகவே வீடும் சிறிது. அந்தச் சிறிய வீட்டில் வாழும் அறைக்கு இடம் விடவேண்டுமானால் சமையலறையைச் சுருக்கியாக வேண்டும்.

சுருக்கும் பொறுப்பு மார்கரெட்டே லிஹோட்ஸ்கி என்ற இளம் பெண்ணிடம் வந்தது. வியன்னாக்காரர், வயது 29. ஆஸ்திரியாவில் கட்டடக் கலை படித்த முதல் பெண்களில் ஒருவர். அவர் மாதிரியாக எடுத்துக்கொண்டது ரயிலின் உணவுப் பெட்டியை. நம் ரயில்களின் பேன்ட்ரி காரை எட்டிப் பார்த்தவர்களுக்குப் புரியும்: நகர இடமில்லாத இடுக்கிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சாப்பாடு வந்துகொண்டே இருக்கும். கிறிஸ்டீன் பிரடெரிக் என்ற அமெரிக்கப் பெண்மணி, தொழிற்சாலைகளில் போல வீட்டு வேலையையும் நேரம் பார்த்து அளக்கலாம் என்று எழுதியிருந்தார். அதையும் லிஹோட்ஸ்கி படித்திருந்தார். பாத்திரம் கழுவ எத்தனை எட்டு, கழுவியதை எடுத்துவைக்க எத்தனை எட்டு என்று கணக்குப் போட்டார்.

கடைசியில் வந்த அளவு 1.87 மீட்டருக்கு 3.44 மீட்டர். நம் கணக்கில் ஆறடி இரண்டு அங்குல அகலம், பதினோரு அடிக்குச் சற்றே கூடுதலான நீளம். மொத்தம் 69 சதுர அடி. அதற்குள் அவர் அடைத்துவைத்ததைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. மாவு வைக்கும் இழுப்பறை ஓக் மரத்தில், அதிலுள்ள துவர்ப்புச் சத்துக்குப் புழு அண்டாது என்பதால். காய் நறுக்கும் பலகை பீச் மரத்தில். சன்னலை ஒட்டி மேசை, உட்கார்ந்தே நறுக்குவதற்கு உயரம் மாற்றக்கூடிய சுழல் முக்காலி, நறுக்கிய குப்பையை அப்படியே தள்ளிவிட ஒரு பள்ளம். சுவரிலிருந்து மடக்கி இறக்கும் இஸ்திரிப் பலகை. வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளும்படி மேலே விளக்கு. அரிசி, சர்க்கரை, பருப்புக்கெல்லாம் பெயர் பொறித்த அலுமினிய டப்பாக்கள், அப்படியே கொட்டுவதற்கு மூக்கு வைத்தவை. பெட்டிகளுக்கு நீலப் பச்சை வண்ணம். அந்த நிறத்தில் ஈ உட்காராது என்று நம்பினார்கள்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது சூட்டுப் பெட்டி. காலையில் கொதிக்கவைத்த பாத்திரத்தை உள்ளே வைத்து மூடிவிட்டு வேலைக்குப் போனால், அந்தச் சூட்டிலேயே வெந்திருக்கும். கேரளத்தில் சூடாறாப்பெட்டி என்கிறார்களே, அதேதான். வேலைக்குப் போகும் பெண்ணை மனத்தில் வைத்து ஒருவர் யோசித்திருக்கிறார் என்பதற்கு இது போதும். வீட்டு வேலை குறைந்தால் பெண்களுக்குத் தங்களுக்கென்று நேரம் கிடைக்கும் என்பதுதான் அவருடைய நோக்கம். பல குடும்பங்களுக்குச் சேர்த்துப் பொதுச் சமையலறை என்ற யோசனையும் அப்போது இருந்தது. நிலையான வருமானம் இல்லாத தொழிலாளர்களுக்கு அது கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்.

இப்படிச் சுமார் 10,000 சமையலறைகள் பொருத்தப்பட்டன. குடிவந்தவர்கள் சந்தோஷப்பட்டார்களா? எல்லோரும் இல்லை. டப்பாவில் பெயர் பொறித்திருந்ததால் வேறு பொருள் போட முடியவில்லை. குழந்தைகள் எட்டிப் பிடித்து இழுத்துக் கொட்டினார்கள். வீடு முழுவதும் மின்சாரத்தில் இயங்கிய ரோமர்ஸ்டாட் குடியிருப்பில் மின் கட்டணம் தாங்கவில்லை என்று முறையிட்டார்கள். (குடியிருப்போர் கூட்டம் எந்த ஊரானாலும் அங்கேதான் போய் நிற்கும்!) எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்த அறையில் ஒருவர் மட்டுமே வேலை செய்யலாம். பழைய சமையலறையில் கணவர், பாட்டி, பிள்ளைகள் எல்லோரும் கண்ணெதிரே இருந்தார்கள், ஒரு கை உதவவும் செய்தார்கள். புதிய அறையில் இன்னொருவர் நுழைந்தால் இடிபடும். பெண்ணின் வேலையைக் குறைக்கப் பிறந்த சமையலறை, அந்த வேலை அவள் ஒருத்தியுடையதுதான் என்று சுவர் வைத்துச் சொல்லிவிட்டது. 1970களில் பெண்ணியவாதிகள் இதைக் கடுமையாகவே விமர்சித்தார்கள். லிஹோட்ஸ்கி, தான் அதை வரைந்த காலத்தில் சமைத்ததோ குடும்பம் நடத்தியதோ இல்லை என்று பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார்.

அவரைச் சமையலறையோடு முடித்துவிடுவதும் நியாயமில்லை. சோவியத் நாட்டிலும் துருக்கியிலும் வேலை செய்தார். நாஜிகளை எதிர்க்கும் இயக்கத்துக்காக 1940ல் வியன்னா திரும்பி, சில வாரங்களில் கைதானார். 15 ஆண்டுத் தண்டனை. 1945ல் போர் முடியும் தறுவாயில்தான் விடுதலை. 2000ம் ஆண்டு சனவரியில், 103வது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு இறந்தார். அதுவரை பார்க்க வந்தவர்கள் எல்லாம் சமையலறையைப் பற்றியே கேட்டது அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

இனி நம் கதை. தரையில் உட்கார்ந்து சமைத்த காலத்தில் ஒருவர் அரிவாள்மணையிலும் ஒருவர் அம்மியிலும் இருக்க, இன்னொருவர் அடுப்பைப் பார்த்துக்கொள்வார். எரிவாயு வந்து புகை போனதும், கொல்லைப்புறத்தில் இருந்த சமையல் வீட்டின் நடுவே வந்தது. மேடை வந்தது. நாமும் ஒருவர் நிற்கும் அறைக்கு வந்து சேர்ந்தோம்.

தேசியக் கட்டட விதித் தொகுப்பின்படி, தனியே சாப்பாட்டு இடம் உள்ள வீட்டில் சமையலறை 5 சதுர மீட்டராவது இருக்கவேண்டும், அகலம் 1.8 மீட்டராவது வேண்டும். அதாவது 54 சதுர அடி, பிராங்பர்ட்டைவிடக் குறைவு. அகலத்தைக் கவனியுங்கள். இருபுறமும் இரண்டடி மேடை போட்டால் நடுவில் மிஞ்சுவது இரண்டடி. அடுப்பைத் திறந்துவைத்து ஒருவர் நிற்கும்போது பின்னால் இன்னொருவர் கொதிக்கும் பாத்திரத்தோடு கடக்க முடியாது. ஒரு பக்கம் மட்டும் மேடை என்றால் நான்கடி கிடைக்கும். இருவர் தாராளமாக வேலை செய்யலாம். எதிர்ச் சுவரில் அரையடி ஆழத்தில் தட்டுகள் போட்டாலும் பாதகமில்லை, மளிகை டப்பாவுக்கு அதுவே போதும்.

நம் கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்கான மாதிரி வரைபடத்தில் 'பி' வகை வீட்டின் சமையலறை 1.8 மீட்டர் அகலம்; இருபுறமும் மேடை. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகள்தான் நம்மிடம் அதிகம். காலை ஏழு மணிக்கு அந்த அறையில் ஒருவர்தான் நிற்க முடியும் என்றால் அது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். வரைபடம் சங்க அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. திருத்தம் சொல்ல விரும்புவோர் பொதுக்குழுவுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மேடை ஒரு பக்கமா இரு பக்கமா என்பதை அஸ்திவாரத்துக்கு முன்பு மாற்றச் செலவு கிடையாது.